பாஹ் போன வழி, பூண்டுலோயா வரை

ஒக்டோபர் 8, கலஹா

1705 ஒக்டோபரில், இருபது வயதில், இசையமைப்பாளர் யோகான் செபஸ்தியான் பாஹ், ஜேர்மனியில் தான் ஓர்கன் வாசித்த ஆர்ன்ஸ்டட்டில் இருந்து லூபெக்குக்கு நடந்தே போனார். சுமார் 400 கிலோமீற்றர். அங்கே மரியன் தேவாலயத்தில் மூத்த இசையமைப்பாளர் பக்ஸ்டெஹுடே ஓர்கன் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான். நானும் மாதா கோயிலில் ஓர்கன் வாசிப்பவன் (கீபோர்டுதான், ஊரே அதை ஓர்கன் என்கிறது). எனக்கு ஜேர்மன் விசா யார் தரப்போகிறார்? இங்கே பீக்கோ டிரெயில் இருக்கிறது, மலையகத் தேயிலைத் தோட்டங்கள் வழியே போகும் நடைபாதை. 22 பகுதி, 300 கிலோமீற்றருக்கு மேல். பத்து நாள் லீவில் முடிந்த மட்டும்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஆளுக தோட்ட வேலைக்கு வந்தப்ப மன்னாரில இருந்து மாத்தளைக்கு நடந்தது போதாதா? இப்பதான் பஸ் ஓடுதே." பதில் இல்லாமல் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் பையில் வைத்தேன்.

ஹந்தானையில் இருந்து கலஹா. ஒரு கொப்புளம்.

ஒக்டோபர் 9, லூல்கந்துர

1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம். அவருடைய கல் இருக்கை நனைந்து கிடந்தது, உட்காரவில்லை. காலுறையில் சவர்க்காரம் தேய்த்தும் மூன்று அட்டை.

வழியெல்லாம் பாஹின் சி மைனர் பசகாலியா என்ற ஓர்கன் இசைதான் மனதில். கால்கட்டையில் (ஓர்கனில் காலால் வாசிக்கும் பெடல்) வரும் எட்டு பார் மெட்டு, அதன்மேல் இருபது மாற்றங்கள். பக்ஸ்டெஹுடேயின் சாயல் நன்றாகவே கேட்கும். தாளம் மூன்று, காலோ இரண்டு. அதனால் அழுத்தம் ஒருமுறை வலது காலில் விழுந்தால் அடுத்த முறை இடது. சமதரையில் சுகம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெட்டு எங்கோ போய்விடுகிறது.

ஒக்டோபர் 11, பூண்டுலோயா

நேற்று தவலந்தென்ன வரை மழை, மழை, மழை.

இன்று மாலை லயத்துப் பக்கம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தப்பு மேளச் சத்தம். ஒரு தாத்தா மிலார்க் கட்டை (தேயிலைச் செடியின் விறகுக் குச்சி) எரித்து, தப்பைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். பனியில் தோல் தளர்ந்துவிடுமாம். புறங்கையால் தடவுவார், விரலால் ஒரு தட்டு, மறுபடி தீ. மூன்றாம் தடவைதான் முகம் தெளிந்தது. நான் மியூசிக் ஆள் என்றதும் இரண்டு குச்சியையும் கையில் தந்துவிட்டார். இடது கையில் மெல்லிய குச்சி, வலதில் தடித்தது. என் இடது கை ஒவ்வொரு முறையும் பிந்தியது.

"எண்ணாதீங்க தம்பி. வாயால சொல்லிக்கிட்டே அடிங்க."

டண்டணக்க, டண்டணக்க. வாய் போனது, கை போகவில்லை. பதினைந்து வருடம் ஓர்கன் வாசித்த கை.

ஒக்டோபர் 13, பூண்டுலோயாவேதான்

அடுத்த பகுதியின் முடிவான வட்டகொடைக்கு நேற்றே போயிருக்க வேண்டும்.

பாஹ் கேட்டது நாலு வாரம் லீவு, திரும்பியது கிட்டத்தட்ட நாலு மாதம் கழித்து. 1706 பெப்ரவரியில் ஆர்ன்ஸ்டட் திருச்சபையார் கூப்பிட்டு விசாரித்தார்கள். தன் கலையில் சிலதைக் கற்றுக்கொள்ளப் போனேன் என்றார். அவர் இல்லாதபோது வாசித்தது உறவுக்காரர் ஒருவர். திரும்பி வந்தவர் பாட்டுக்கு நடுவே விசித்திரமாக எதையெதையோ சேர்க்கிறார், சபை குழம்புகிறது என்று அதற்கும் ஏச்சு. இந்த ஏச்சு எனக்கும் கிடைத்திருக்கிறது.

பத்து மணிக்கு ஃபாதர் போன் எடுத்தார். "ஞாயிறு பூசைக்கு நிற்பீங்க தானே?"

தங்கச்சி மகன் நாலு பாட்டு வாசிப்பான் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வெளியே தாத்தா மிலார் முறிக்கும் சத்தம் கேட்டது.