பரிசலுக்கு ஒரு கைவலை: நாட்குறிப்பு

ஜனவரி 19

தூண்டிலில் மாட்டிய மீனைப் பரிசலுக்குள் ஏற்றக் கைவலை வாங்கலாம் என்று ஈரோட்டுக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது ஆறடிக் காம்பு வைத்த பச்சை நைலான் வலை. விலை குறைவு. கரையில் நின்று பிடிக்கிறவருக்கு அது போதும். பரிசலின் குறுக்களவே ஆறடி, ஏழடிதான். அதற்குள் ஆறடிக் காம்பைத் திருப்பினால் துடுப்புப் போடுகிறவர் காதைப் பதம் பார்க்கும். அதோடு, காம்பு நீளமாக இருந்தால் எட்டிப் பிடிக்கத் தோன்றும். பரிசலில் எட்டுவது என்றால் கவிழ்வதற்குப் பாதி வழி.

அடுத்தது இழுத்தால் நீள்கிற அலுமினியக் காம்பு. பார்க்க அழகு. ஆனால் பை முழங்கை ஆழத்துக்குத் தொங்கியது. அவ்வளவு ஆழத்தில் மீன் இரண்டு முறை புரண்டால் வலையைத் தன்மேல் சுருட்டிக்கொள்ளும், தூண்டில் முள்ளும் அதில் ஏறிவிடும். பிரிக்கிறதற்குள் மீன் செத்துப்போகும்.

மூன்றாவது கொஞ்சம் விலை கூட. காம்பு இரண்டரை அடி, வாய் அகலம், பை ஆழமில்லாமல் அடி தட்டையாக இருந்தது. நூலில் முடிச்சு இல்லை, மேலே ரப்பர் பூச்சு. முடிச்சுப் போட்ட நைலான் செதிலை உரிக்கும், துடுப்பைக் கிழிக்கும், மீன் மேலுள்ள வழுவழுப்பையும் வழித்துவிடும். பூஞ்சையும் கிருமியும் அண்டாமல் காப்பது அந்த வழுவழுப்புத்தான். குழம்புக்குப் போகிற மீனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கைநீளம்கூட இல்லாத குஞ்சைத் திரும்ப விடுகிறோம் இல்லையா, அதற்காக.

வாங்கவில்லை. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம் என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 26

கொளத்தூர்ப் பக்கம், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. மாமா உரிமம் வைத்துத் தொழில் செய்கிறவர். விடிவதற்குள் போய், ராத்திரி விட்ட வலையைத் தூக்கினோம். பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலும் நந்தியும் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருஷத்தில்தான் நந்தி தலைகாட்டும். இப்போது அந்தப் பேச்சே இல்லை, தண்ணீர் நிறைய இருக்கிறது.

மாமாவின் கைவலை கடையில் கிடைக்காத சாமான். பட்டறையில் வளைத்த இரும்புக் கம்பி வளையம், ஒரு முழ மூங்கில் பிடி, பழைய வலைத்துண்டில் தைத்த பை. தூண்டிலுக்கு அவர் அதைத் தொடுவதே இல்லை. ராத்திரி விட்ட தங்கூஸ் வலையை, அதாவது மெல்லிய நைலான் இழையில் பின்னிய வலையை, தூக்கும்போதுதான் எடுக்கிறார். செவுளில் சரியாக மாட்டின மீன் எங்கேயும் போகாது. பெரிய கட்லா அப்படி மாட்டாது. மூக்கிலோ துடுப்பிலோ இரண்டு இழை சிக்கித் தொங்கும். தண்ணீருக்குள் இருக்கிறவரை அதன் பாரத்தைத் தண்ணீரே தாங்குகிறது. மேலே வந்த நொடியில் முழுப் பாரமும் அந்த இரண்டு இழையில் இறங்க, அறுத்துக்கொண்டு போய்விடும். மாமா வலையை மெதுவாக இழுத்து, மீன் மங்கலாகத் தெரிகிறபோதே நிறுத்தி, கைவலையை அடியில் நுழைத்துவிடுகிறார். அப்புறம்தான் மீன் தண்ணீரை விட்டு வெளியே வருகிறது.

“போண்டாவ ஜல்லிக்கரண்டியில அள்ளற மாதிரி அள்ளப்புடாதுங்க மாப்ளே. வலை மொதல்ல தண்ணிக்குள்ள இருக்கோணும். மீனு தானா வந்து மேல நிக்கோணும்.”

“தலைப்பக்கமாங்க மாமா, வால்பக்கமாங்க?”

“தலைதானுங்க. பின்னால நீந்தறதுக்கு அதுக்கு வராது. வாலுப்பக்கம் போனீங்கன்னா ஒரே பாய்ச்சல்.”

இரண்டரை அடிக் காம்பு என்றதும் சிரித்துவிட்டார். அவருக்கு அதுவே நீளம்.

ஜனவரி 30

மூன்றாவது வலையையே வாங்கியாயிற்று. காம்பில் கயிறு கட்டி மறு முனையில் ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றைக் கோத்தேன். கை நழுவினாலும் மிதக்கும்.

பிப்ரவரி 2

வழக்கமாக ஜனவரி 28 வரைக்கும்தான் டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். அது முடிந்ததும் நீர்மட்டம் மளமளவென்று இறங்காமல் ஒரு நிதானத்துக்கு வருகிறது, எனக்குப் பிடித்த காலம். மாமாதான் துடுப்பு. மச்சானும் கூட வந்தான்.

மச்சான் தூண்டிலில் கட்லா ஒன்று. நான்கு கிலோவுக்குக் குறையாது. இந்த ஓட்டத்தில் கைவலைக்காரனுக்கு முதல் வேலை சும்மா இருப்பதுதான். மீன் பலத்தோடு இருக்கும்போது வலையைக் காட்டினால் நிழலைக் கண்டதும் அடியில் பாயும், தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டிய நைலான் நூல்) பரிசலின் விளிம்பில் உரசும். பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிறு தெரிகிறவரை பொறுக்க வேண்டும். இதற்குள் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. மீன் இழுக்கிற பக்கமெல்லாம் அதுவும் திரும்பும், படகு மாதிரி நேராக நிற்காது. மாமா துடுப்பை ஊன்றி மீனை என் எதிருக்கே கொண்டுவந்தார். அவர் அந்த வேலையைச் செய்யாவிட்டால் எந்த வலையும் உதவாது.

வளையத்தை ஒரு முழ ஆழத்தில் சாய்வாக இறக்கிவைத்தேன். மச்சான் தூண்டிலை உயர்த்தித் தலையை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து வலைக்கு மேலே வழுக்கவிட்டான். பாதி உடம்பு வளையத்தைத் தாண்டியதும் அவன் நரம்பைத் தளர்த்த, மீன் தலைகுப்புற உள்ளே போனது. வளையம் நரம்பைத் தொடக் கூடாது என்பது முக்கியம். தொட்டால் முள் விடுபட்டுவிடும்.

தூக்குவது தனி வேலை. காம்பைக் கிடைமட்டமாகப் பிடித்துத் தூக்கினால் பிடி சேருமிடத்தில் வளையும், ஆளும் விளிம்பில் தொங்க வேண்டிவரும். காம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி, பக்கத்தில் இழுத்து, வளையத்தையே இரண்டு கையாலும் பிடித்து உள்ளே வைக்க வேண்டும். உட்கார்ந்தபடிதான். இந்த நேரத்தில் மீனைப் பார்க்கிற ஆசையில் இன்னொருவரும் அதே பக்கம் சாய்ந்தால் மூன்று பேரும் குளிக்கலாம். மச்சானை மாமா எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னது அதற்குத்தான். அவன் பிடித்த மீனை அவனே கடைசியாகப் பார்த்தான், பாவம்.

பிப்ரவரி 9

ரப்பர் பூச்சுக்கு ஒரு குறை. தண்ணீருக்குள் பக்கவாட்டில் நகர்த்தினால் கனமாக இழுக்கிறது, சட்டென்று திருப்ப முடியவில்லை. நகர்த்தாமல் காத்திருக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆகவே இதைக் குறை என்று சொல்வதற்கு மனசில்லை.

கெளுத்திக்குத்தான் இது உண்மையில் உதவியது. கெளுத்தியின் மார்பு முள்ளும் முதுகு முள்ளும் விறைத்துக்கொண்டால் மடங்காது. நைலான் கண்ணியில் அது ஏறினால் நூலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ரப்பரில் அவ்வளவாகக் குத்தி நிற்கவில்லை. ஜிலேபி மீனின் முதுகு முள்ளும் அப்படியே. வாளைக்கு மட்டும் இந்த வலை போதாது. நீள உடம்பு, வளையத்துக்கு இரண்டு பக்கமும் வழியும். வாயில் பல் வேறு. மாமா சொன்னபடி அதற்கு அகலமான வாய்தான் வேண்டும், காம்பு நீளம் அல்ல.

பிப்ரவரி 16

காற்று. தண்ணீரில் இறங்கவே விடவில்லை. கரையில் உட்கார்ந்து கைவலையைத் தண்ணீரில் அலசினேன், வெயிலில் போடாமல் வேப்ப நிழலில் தொங்கவிட்டேன். மச்சானுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம், ஆனால் நான்கடிக் காம்பில். மாமா கேட்டுவிட்டு, “அப்பொ நீங்க கரையிலயே உக்காந்துக்கங்க மாப்ளே” என்றார்.