லான்யூ தீவில் வண்ணக் கூன்வண்டுகளைத் தேடிப் போகிறவர்களுக்கு

தைவானுக்குத் தென்கிழக்கே இருக்கும் லான்யூ தீவுக்குப் பாக்கிரிங்கஸ் பேரினத்துக் கூன்வண்டுகளைப் பார்க்கப் போனால், முதலில் தேட வேண்டியது வண்டை அல்ல, செடியை. இவற்றால் பறக்க முடியாது. முதுகை மூடும் முன்னிறக்கைகள் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப் போனவை. ஆகவே தின்னும் இலைப்பக்கம்தான் பெரும்பாலும் கிடக்கும்.

பிப்டூரஸ் மரத்திலிருந்து தொடங்குவது நல்லது. சாலையோரத்திலும் காட்டு விளிம்பிலும் வளரும் சிறு மரம். இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும். இலை ஓரத்தில் புதிதாகக் கடித்த பள்ளம் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். கிளையைத் தொடக் கூடாது. லேசாக ஆடினாலே வண்டு காலை மடக்கிக்கொண்டு கீழே சருகுக்குள் விழுந்துவிடும், பிறகு கண்ணில் படாது. ஓர் எச்சரிக்கை: இதே காஞ்சொறிக் குடும்பத்தைச் சேர்ந்த, தொட்டால் சுரீரென்று எரியும் டென்ட்ரோக்னைடு மரமும் இங்கே உண்டு. நீளக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அடையாளம் தெரியாத இலையைப் புரட்ட வேண்டாம்.

கடற்கரையில் பாரிங்டோனியா மரம் நிற்கும். அதன் நாற்கோணக் காய் தக்கைபோல் மிதக்கும். பக்கத்துத் தீவான லூடாவோவின் பாக்கிரிங்கஸ் ஜிட்டனசையஸ் இனத்தின் புழு அந்தக் காய்க்குள் வளர்கிறது. வெறும் கடல்நீரில் விட்டால் வண்டும் புழுவும் சீக்கிரம் செத்துப்போகின்றன. காய்க்குள் இருக்கும் புழுவோ நாள்கணக்கில் தாக்குப்பிடிப்பதை 2018இல் வந்த ஆய்வு காட்டியது. பறக்காத பூச்சி தீவு விட்டுத் தீவு போனதற்கு இதைவிட அழகான விளக்கம் நான் படித்ததில்லை. லான்யூவின் பூர்வகுடியான தாவ் மக்களுக்கு இந்த மரம் தீய ஆவிகளோடு தொடர்புடையது. காயைப் பொறுக்கி ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வண்டின் கறுப்பு உடம்பில் நீலமும் பச்சையுமாக மின்னும் புள்ளிகளை லென்ஸில் பார்த்தால், ஓடு வேய்ந்ததுபோல் நெருக்கமாகப் படிந்த செதில்கள் தெரியும். அது சாயம் அல்ல. செதிலுக்குள் உள்ள நுண்ணிய படிக அடுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம். உரசி உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது. வண்டைக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

அந்த நிறம் பல்லிகளுக்கு எச்சரிக்கை. ஓடு முற்றிய வண்டைக் கடித்த மரப்பல்லிகள் துப்பிவிடுகின்றன. புதிதாக வெளிவந்த, ஓடு இறுகாத வண்டைத் தின்றுவிடுகின்றன. இந்தப் பாதுகாப்பில் பங்கு கேட்டு டோலியோப்ஸ் என்ற நீள்கொம்பு வண்டும் இதே வேஷம் போடுகிறது. உணர்கொம்பைப் பாருங்கள்: குட்டையாக, முழங்கைபோல் மடிந்திருந்தால் கூன்வண்டு, நீளமாக நீண்டிருந்தால் டோலியோப்ஸ்.

படம் எடுக்கும்போது நேரடி ஃபிளாஷ் பளபளப்பான கறுப்பு ஓட்டில் வெள்ளைத் திட்டாக விழுந்து புள்ளிகளை மறைத்துவிடும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூஸர் கட்டாயம். எஃப் 11, 1/200 வினாடியில் தொடங்கலாம்.

தைவானின் தென்கிழக்குக் கரை நகரமான தாய்டுங்கிலிருந்து சிறு விமானமும் படகும் உண்டு. காற்று பலத்தால் இரண்டும் ரத்தாகும். திரும்பும் தேதிக்குப் பின் ஓரிரு நாள் கையில் இருக்கட்டும். இங்குள்ள பாக்கிரிங்கஸ் இனங்கள் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. பிடித்தால் சிறையும் லட்சக்கணக்கான தைவான் டாலர் அபராதமும் வரை போகும். செத்த வண்டைக்கூட எடுத்துவராதீர்கள்.