ஞாயிற்றுக்கிழமைக் கோடுகள்

"மழை இல்லாத நாளுக்குத்தான் கோடு, தம்பி."

பெரியவர் தடுமாறாமல் சொன்னார். அப்போது என் பையில் அவர் எழுதிய மழைப் பதிவேட்டின் 1977 ஜூலை மாதப் பக்கத்தின் நகல் இருந்தது. சனிக்கிழமை 2.90 அங்குலம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோடு. திங்கட்கிழமை 6.42. அடுத்த வாரமும் இதே கதை, அதற்கடுத்த வாரமும் இதே கதை. வால்பாறையில் ஜூலை மாதம் பார்த்து ஞாயிறுதோறும் மழை ஓய்ந்துவிடுமா? நகலை எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. "சரிங்க ஐயா" என்றேன். அந்தச் "சரி"யைத்தான் இன்றுவரை மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பழைய மழைப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விஷயம், காலிக் கட்டம் பூஜ்யம் ஆகாது என்பதுதான். கோடு அதைவிடச் சிக்கல். சிலர் மழை இல்லை என்பதற்குக் கோடு போடுவார்கள், சிலர் அளக்கவில்லை என்பதற்கு. அளக்காமல் விட்டால் தண்ணீர் மழைமானியிலேயே கிடக்கும். மறுநாள் இரண்டு நாள் மழை ஒரே எண்ணாக ஏறிவிடும். மாத மொத்தம் தப்பாது. ஆனால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை கூடியிருக்கிறதா என்று தேடுகிறவருக்கு, பெய்யாத ஒரு பெருமழை அந்தத் திங்கட்கிழமையில் நிற்கும். ஆஸ்திரேலியப் பதிவுகளில் இதையே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பல ஊர்களில் மழை அளந்தது தபால் நிலையக்காரர்கள், ஞாயிறு விடுமுறை.

அதற்காகத்தான் அவரைத் தேடிப் போனேன். சென்னை வானாய்வகத்தில் 1796-லேயே அன்றாட வானிலையை எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஒரு கோடு இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? பிரிட்டனில் 2020 ஊரடங்கின்போது சுமார் 16,000 தன்னார்வலர்கள் சேர்ந்து 66,000 மழைத் தாள்களைப் பதினாறே நாளில் கணினியில் ஏற்றினார்கள். அந்தத் தாள்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. எனக்கோ எழுதிய கையே உயிரோடு இருந்தது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதி, தினமும் காலையில் மழையும் அளந்தவர். இந்த வேலையில் அப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? கிடைத்த வாய்ப்பில் ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதிலை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கேட் வரைக்கும் அவர் மகள் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. செருப்பு மாட்டும்போது சொன்னார்: "தம்பி, நீங்க கேட்டது உள்ளே காதுல விழுந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் நான்தான் அளப்பேன். அப்பா விடியக்காலையிலேயே கோயிலுக்குக் கிளம்பிடுவாங்க. ரொம்பக் கொட்டுச்சுன்னா போகமாட்டேன், காலெல்லாம் அட்டை ஏறும். கோடு போட்டுட்டு வந்திருவேன். அப்பாவுக்குத் தெரியாது. சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டேன் அக்கா" என்றேன்.

பஸ் ஆழியாறை நோக்கி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கோயிலுக்குப் போனவர் அதே மழையில்தானே நனைந்துகொண்டு போயிருப்பார்? திங்கட்கிழமை மழைமானிக்குள் இருக்கும் பாட்டில் நிரம்பி, வழிந்தது வெளி உருளையில் தேங்கிக் கிடந்ததைத் தன் கையால்தானே அளந்திருப்பார்? அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஒரு குழந்தை போட்ட கோட்டை அன்றைக்கு அப்படியே விட்டிருக்கிறார். இத்தனை வருடம் கழித்து ஒரு அந்நியன் வந்து கேட்டபோதும் தன் கோடு என்றே சொன்னார். இது என் கணிப்புதான். எண்பத்தெட்டு வயதில் நிஜமாகவே மறந்தும் போயிருக்கலாம்.

வந்ததும் எழுதியதை எழுதியபடியே ஏற்றினேன், கோட்டைக் கோடாகவே. ஒவ்வொரு பதிவையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று பக்கத்தில் குறிக்கும் கட்டத்தில்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 1974 முதல் 1981 வரை, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஞாயிற்றுக் கோடுகளை 'அளக்கப்படவில்லை' என்றும், அதையடுத்த திங்களை 'இரண்டு நாள் மொத்தம்' என்றும் குறித்தேன். ஜனவரி, பிப்ரவரிக் கோடுகளைப் பூஜ்யமாகவே விட்டேன். மற்ற மாதங்களுக்குச் 'சந்தேகம்' என்று போட்டேன். குறிப்பில், இந்தக் கோடுகள் கடும் மழை நாட்களாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் சேர்த்தேன். அது முக்கியம். அளக்காத நாள் ஏதோ ஒரு சாதாரண நாள் என்று நினைத்து யாராவது சராசரியை வைத்து நிரப்பினால், அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டிய மழை கணக்கில் குறைந்துவிடும்.

எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திங்கட்கிழமை எண்களைப் பார்த்து ஊகித்தேன்" என்றேன்.

பாதி உண்மை. மீதியைச் சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பு ஊகமாக இருக்காது, சாட்சியமாக இருக்கும். பெயர் போடாமலேகூட எழுதியிருக்கலாம். ஆனால் எஸ்டேட் பெயரும் வருடமும் இருந்தால், அந்த மலையில் யார் என்று கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அறிவியலுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது, அதை யாரும் கேட் வரை வந்து கேட்பதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். "என் கணக்கையெல்லாம் அப்படியே ஏத்திட்டீங்களா தம்பி?"

"ஏத்திட்டேன் ஐயா. ஒரு எண்ணைக்கூட மாத்தலை."

பொய் இல்லை. எண் எதையும் நான் தொடவில்லை. இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அவர் போனில் சந்தோஷப்பட்டது காதில் கேட்கும்போது அந்தச் சமாதானம் நிற்பதில்லை.

கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், எதையோ சரிபார்க்க அசல் படங்களைத் திறந்தேன். 1978 ஜூலையில் ஒரு ஞாயிறு. கோடு இல்லை, உருண்டையான, சின்னப் பிள்ளைக் கையெழுத்தில் 3.17 என்று இருந்தது. தட்டச்சு செய்தபோது எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்திருக்கிறேன். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மழைமானியின் அளவுக் கிளாஸ் ஒரு தடவைக்கு அரை அங்குலம்தான் பிடிக்கும். மூன்று அங்குலம் என்றால், கொட்டும் மழையில் நின்று ஆறு முறை ஊற்றி, ஏழாவது முறை மிச்சத்தைப் பார்க்க வேண்டும். கணக்குத் தப்பாமலிருக்க, ஓரத்தில் பென்சிலால் கீறி வைத்து அப்புறம் அழித்த தடம் தெரிந்தது. ஆறு சின்னக் கோடுகள், பக்கத்தில் 17.