சுழி பார்த்தோம், வாலைப் பார்க்கவில்லை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். 2022-ல் எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஒரு பெட்டைக் குதிரை வாங்கினார். குஜராத்துக் காத்தியவார் குதிரையின் கலப்பு. இரண்டு காதும் உள்நோக்கி வளைந்து நுனியில் முட்டிக்கொள்ளும். அந்தக் காதைப் பார்த்ததுமே மனிதர் விழுந்துவிட்டார். கூட வந்திருந்த பெரியவர் சுழி பார்த்தார். நெற்றி, கழுத்து, மார்பு, முதுகு என்று அரை மணி நேரம். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து நாலு வயசு என்றார். ஓடவிட்டுப் பார்த்தார்கள், குளம்பைத் தட்டிப் பார்த்தார்கள்.

வாலடியில் தோல் கொஞ்சம் தடித்து மடிப்பு விழுந்திருந்ததை நான் பார்த்தேன். கொழுத்த குதிரை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிடரி மயிரும் நடுவில் ஓரிடத்தில் குட்டையாக இருந்தது. சுழியெல்லாம் சுத்தம் என்று பெரியவர் சொன்ன பிறகு மயிரைப் பற்றி யார் கேட்பது? செல்லி என்று பேர் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலில் பாயும் நெல் வயல் எங்களுடையது. வாய்க்கால் பக்கமாக மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டிக் குப்பைக்குழி. செல்லியையும் அங்கேதான் கட்டினோம். நிழல், தண்ணீர் எல்லாம் பக்கத்திலேயே. இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றியது.

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. ஐப்பசியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் கொட்டகைக் கல்தூணில் ரத்தத்தோடு ஒரு கொத்து மயிர் ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலம் நின்று கவனித்தேன். பின்பக்கமாகவே நடந்துபோய் தூணில் பிட்டத்தை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இப்படியும் அப்படியும் ஆடி ஆடித் தேய்க்கிறாள். பத்தே நாளில் வாலின் மேல்பாகம் தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. பிடரியில் பொருக்கு, அடிவயிற்று நடுக்கோட்டில் புண்.

வாலைத் தேய்க்கிறது என்று சொன்னால் போதும், ஊரில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். “வயித்துல பூச்சிங்க்கா.” பூச்சி மருந்து கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தோம். தூணில் மயிர் ஒட்டுவது நிற்கவில்லை.

அப்புறம்தான் கால்நடை டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர். வாலைத் தேய்ப்பதற்குப் பல காரணம் உண்டு என்று சொல்லிவிட்டு, மயிரைப் பிரித்துப் பேனும் உண்ணியும் தேடினார். மடிக்காம்புகளுக்கு நடுவில் அழுக்கு சேர்ந்து கட்டியிருந்தாலும் பெட்டைக் குதிரை வாலைத் தேய்க்குமாம், அதையும் பார்த்தார். மறுநாள் காலையில் கழுவுவதற்கு முன்னால் செல்லோடேப் ஒரு துண்டை ஆசனவாயைச் சுற்றி ஒட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைக்கச் சொன்னார். குதிரைக்கு வரும் ஊசிப்புழு வெளியே வந்து அந்த இடத்தில்தான் முட்டையிடும், டேப்பில் ஒட்டினால் மைக்ராஸ்கோப்பில் தெரியும். முட்டை ஒன்றும் இல்லை.

“பொழுது சாயற நேரத்துல வயித்துக்கடியில டார்ச் அடிச்சுப் பாருங்கம்மா” என்றார்.

அடித்துப் பார்த்தேன். கேழ்வரகு அளவுகூட இல்லாத பூச்சிகள் அடிவயிற்றுக் கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொசு மாதிரி ரீங்காரம் கிடையாது. விரலால் தொட்டால் பொடியாக ஒட்டிக்கொள்கிறது, ரத்தக் கறையோடு. குலிக்காய்ட்ஸ் என்பது அதன் பேர். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது. சேறு, நெல் வயல், சாணிக் குப்பை இதெல்லாம்தான் அது பெருகும் இடம். ஒன்று விடாமல் எல்லாம் என் கொட்டகையைச் சுற்றியே இருந்தன.

எங்கள் பக்கத்தில் செம்மறி மேய்ப்பவர்களுக்கு இந்தப் பூச்சியோடு பழைய கணக்கு உண்டு. மழைக்காலத்தில் ஆட்டுக்கு வாய் வீங்கி, நாக்கு வீங்கிக் கருநீலமாகும் நீலநாக்கு நோயைப் பரப்புவது இதே பூச்சிதான். ஆட்டுக்கு அது கிருமியைக் கொண்டுவருகிறது. குதிரைக்கு அதன் எச்சிலே போதும். எல்லாக் குதிரையையும் கடிக்கும், ஆனால் சில குதிரைகளின் உடம்புக்குத்தான் அந்த எச்சில் ஆகாது. ஒவ்வாமை. இங்கிலீஷ்காரர்கள் இதை ஸ்வீட் இட்ச் என்கிறார்கள். ரத்தம் வரத் தேய்க்கிற அரிப்பில் இனிப்பு எங்கே வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெரும்பாலும் இரண்டு வயசுக்கும் ஐந்து வயசுக்கும் இடையில் ஆரம்பிக்குமாம். வந்தால் ஆயுசுக்கும் இருக்கும்.

ஐஸ்லாந்துக் கதையை டாக்டர் சொன்னபோது செல்லிமேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. அந்த நாட்டில் குதிரையைக் கடிக்கும் இந்தப் பூச்சி கிடையாது. அங்கே பிறந்த குதிரைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினால், பூச்சி நிறைந்த இடங்களில் இரண்டு வருஷம் கழித்துப் பாதிக்கு மேல் இந்த அரிப்பில் மாட்டிக்கொள்கின்றன. போன குதிரையைத் திரும்பவும் நாட்டுக்குள் விடமாட்டார்கள், அது அங்கே சட்டம்.

சந்தையில் ஏன் தெரியவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொங்குநாட்டில் அம்மியைத் தூக்குகிற காலம். இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெம்பு கிடையாது, மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே புல்லில் ஒடுங்கிவிடும். காற்று நின்று, மழை பெய்து, புழுக்கமாக இருக்கும் ஐப்பசிச் சாயங்காலம்தான் அதற்குத் திருவிழா. முந்தின மழைக்காலத்தில் தேய்த்த தழும்பைத்தான் நான் சந்தையில் கொழுப்பு என்று நினைத்திருக்கிறேன்.

முதல் வருஷம் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்கு உண்ணி போக அடிக்கும் அமிட்ராஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். நல்லவேளை, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். குதிரைக்கு அதைத் தொடவே கூடாதாம், குடல் ஓட்டம் நின்று வயிற்றுவலியில் உயிரே போகலாம். மாட்டு மருந்தெல்லாம் குதிரைக்கும் ஆகும் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பென்சைல் பென்சோயேட் என்று சொறிக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் லோஷன் வேறு. புண் இல்லாத இடத்தில் தடவினால் பூச்சி அண்டாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் அவசரத்தில் புண்மேலேயே தடவிவிட்டேன். வாளி பறந்தது, நானும் தப்பித்தேன். மூட்டமும் போட்டுப் பார்த்தோம், வேப்பிலையும் நொச்சியும். பூச்சி குறைந்தது நிஜம். ஆனால் நாலாம் நாள் செல்லி இருமினாள். மாடு தாங்குகிற புகையைக் குதிரை நுரையீரல் தாங்காது.

அரிப்பு தாங்காமல் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும் நிலை வந்தபோது டாக்டர் ஒரே ஒரு தடவை ஸ்டீராய்டு ஊசி போட்டார். இரண்டே நாளில் நிம்மதியாக நின்றாள். மறுபடியும் போடுங்கள் என்று கெஞ்சினேன், மாட்டேன் என்றுவிட்டார். குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நொண்டிப் படுத்துவிடக்கூடும் என்பது அவர் பயம். பூச்சியைக் கடிக்கவிட்டுவிட்டு மருந்தால் துடைப்பதில் அர்த்தமில்லை, கடிக்கவே விடாதீர்கள் என்றார்.

சரி, எப்படி விடாமல் இருப்பது?

முதலில் இடத்தை மாற்றினோம். வாய்க்கால் ஓரத்தை விட்டு மேட்டுக்காட்டில், தண்ணீர் தேங்காத இடத்தில் தனிக் கொட்டகை. குப்பைக்குழியை எதிர்ப்பக்கம் தள்ளினோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே கட்டினால் காலை எட்டுக்குத்தான் வெளியே. சாதாரணக் கொசுவலையை ஜன்னலில் கட்டி ஒரு வாரம் ஏமாந்தேன். அந்த ஓட்டையில் இந்தப் பூச்சி கூட்டமாகவே நுழையும். பசுமைக்குடிலுக்கு வாங்குகிற, கண் நெருக்கமான 40 மெஷ் பூச்சிவலை வாங்கிச் சுற்றிலும் அடித்தோம். அது பூச்சியோடு காற்றையும் நிறுத்திவிட்டது, ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டினாள். உயரத்தில் ஒரு சுவர் மின்விசிறி மாட்டிய பிறகுதான் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீர்ந்தது. என்னைக் கேட்டால் மொத்தச் செலவில் அந்த விசிறிக்குக் கொடுத்த காசுதான் வசூல்.

போர்வை என் சொந்தத் தையல். இதற்கென்றே கழுத்திலிருந்து வால் வரைக்கும் மூடுகிற உறை வெளிநாட்டில் விற்கிறார்கள். நான் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டி மூன்றைக் கிழித்துத் தைத்தேன். முதல் போர்வையை ஒரே ராத்திரியில் கிழித்தாள். இரண்டாவதில் கழுத்துத் துண்டைத் தனியாக வைத்து, அடிவயிற்றுக்கு அகலப் பட்டையும் வாலடிக்கு ஒரு மடலும் வைத்தேன். அது நின்றது. தூணுக்குச் சாக்குச் சுற்றினேன், தேய்த்தாலும் தோல் பிய்யாது.

போர்வைக்கு வெளியே தெரியும் முகத்துக்கும் காலுக்கும் தேங்காயெண்ணெயில் பத்தில் ஒரு பங்கு வேப்பெண்ணெய் கலந்து சாயங்காலம் மட்டும் தடவுகிறேன். தனி வேப்பெண்ணெயைக் குதிரைக்கு மேலெல்லாம் அப்பக் கூடாது. ஸ்காட்லாந்தில் இதே இனப் பூச்சிக்கு வேப்பெண்ணெயை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். நம் கொல்லைச் சரக்கு அவ்வளவு தூரம் போயிருப்பதைக் கேட்டு வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. டாக்டர் எழுதிக்கொடுத்த பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தும் உண்டு. அது பூனைக்கு விஷம். எங்கள் பூனை செல்லியின் முதுகில் படுத்துத் தூங்கும் வழக்கம் உள்ளது, அதனால் மருந்து போடும் நாட்களில் பூனைக்கு வீட்டுச் சிறை.

இதையெல்லாம் ஐப்பசியில் ஆரம்பித்தால் பாதிதான் பலிக்கும். அரிப்பு ஒரு தடவை கிளம்பிவிட்டால் பூச்சி இல்லாத நேரத்திலும் தேய்ப்பாள். ஆவணிக் கடைசியிலேயே போர்வை ஏறிவிட வேண்டும், ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாதபோதே. “வெயில்ல குதிரைக்கு வேட்டி கட்டறாங்க பாரு” என்று வாய்க்கால் மேட்டில் சிரித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். மூன்றாவது மழைக்காலத்தில் வால் மயிர் முழங்கால் மூட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. வாலடி மடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, அது இனிப் போகாது.

வீட்டுக்காரருக்கு ஒரே வருத்தம்தான். அந்தக் காதோடு ஒரு குட்டி வேண்டும் அவருக்கு. இந்த ஒவ்வாமை ஓரளவு பரம்பரையாகவும் வரும் என்று டாக்டர் சொன்ன அன்றே நான் முடிவு பண்ணிவிட்டேன், செல்லிக்குக் குட்டி கிடையாது. ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் வேறு குதிரை பார்ப்போம் என்று இறங்கி வந்தார். போன ஆடியில் சேர்ந்தே அந்தியூர் போனோம். அதே பெரியவர் வந்து சுழி பார்த்தார். நான் பின்பக்கம் போய் வால் மயிரைப் பிரித்துத் தோலைத் தடவினேன், பிறகு குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன்.

“ஏனுங்க அம்மா, அங்க என்னத்தைத் தேடறீங்க? சுழி நெத்தியிலதானுங்க இருக்குது” என்றார் விற்க வந்தவர்.

ஏழு குதிரை பார்த்தோம். இரண்டுக்கு வாலடி தடித்திருந்தது. மற்ற ஐந்தில் காது வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. செல்லிக்கு ஒரு புதுக் கயிறு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.