பதினாறு கட்டத்துக்குள் ஒரு மான்

“அப்பா, இது ஆடா?” என்று மகள் கேட்டபோது நான் அந்த மானை வரையத் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

திருகோணமலையில் மான் தெரியாத பிள்ளை இருக்காது. கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியெல்லாம் நிற்கும், பொழுது சாய்ந்தால் கடற்கரைப் பக்கம் வந்து குப்பைக்குள் தலையை விட்டு ஷொப்பிங் பேக்கையும் சேர்த்து மெல்லும். அதைத்தான் கணினி விளையாட்டாக்க நினைத்தேன். மான் கோட்டை வாசலில் இருந்து கடற்கரை வரை நடக்கும், இலை தின்னலாம், பேக்கைத் தின்றால் உயிர் குறையும். அவ்வளவுதான். கோயிலடியில் உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டை வைத்து முதலில் போட்ட பெரிய திட்டம் தொடக்க மெனுவோடு படுத்துவிட்டது, அதை விடுவோம்.

பகலில் கடையில் கணக்கு எழுதுகிறேன், அதனால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் இதெல்லாம். படத்துக்கு லிப்ரேஸ்பிரைட், விளையாட்டுக்கு கோடோ, இரண்டும் இலவசம். மானுக்கு எடுத்த இடம் 16×16 கட்டம், அதாவது மொத்தமே 256 திரைப் புள்ளி, ஒரு மணித்தியால வேலை என்று நினைத்தேன். கொம்புக்கு ஐந்து வரிசை போனால் உடம்புக்கும் காலுக்கும் மிஞ்சுவது பதினொன்று! நிஜ மானின் உடம்பில் இருக்கிற வெள்ளைப் புள்ளிகளை எல்லாம் வைக்கப் பார்த்தேன், அம்மை போட்ட ஆடு மாதிரி வந்தது. மூன்று வெள்ளைப் புள்ளி மட்டும் விட்டபிறகுதான் மான். 1981-இல் டொங்கி கொங் என்ற வீடியோ விளையாட்டில் அதன் நாயகன் மாரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்ததும் இப்படித்தான், அத்தனை சின்ன இடத்தில் வாயும் தலைமயிரும் வரைய முடியாமல்.

நிறத்தில் இன்னொரு பாடம். ஓரம் முழுக்கக் கறுப்பைக் கலந்து நிழல் போட்டிருந்தேன், மான் தலையணை போல் உப்பிப் போனது. இந்தப் பிழைக்கு ‘பில்லோ ஷேடிங்’ என்றே பெயர் இருக்கிறதாம், நான் முதல் ஆள் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு கோட்டை வாசலில் போய் நின்று பார்த்தேன். வெயில் படுகிற முதுகு மஞ்சளாகவும் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் ஊதாவாகவும் தெரிந்தது, கறுப்பு எங்கேயும் இல்லை. அப்படியே போனில் ஒரு வீடியோவும் எடுத்து வந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் எதிரெதிர்க் கால்களைச் சேர்த்துத் தூக்க வைத்திருந்தேன், அது ஓட்டத்துக்கு உரியது. நடக்கும்போது பின்னங்கால் வைத்தபின் அதே பக்கத்து முன்னங்கால், பிறகுதான் மற்றப் பக்கம். நான்கு படம் போட்டதும் நடந்தது. சும்மா சொல்லவில்லை, இரவு பதினொரு மணிக்கு எழுந்து கைதட்டினேன்.

மச்சானின் கணினியில் போட்டுக் காட்டியபோது மானம் போனது. அவருடைய திரை செக்கனுக்கு 144 தடவை புதுப்பிக்கும், என்னுடையது 60. ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு புள்ளி நகர்த்தச் சொல்லியிருந்தேன், எனவே என் வீட்டில் செக்கனுக்கு 120 புள்ளி நடந்த மான் அங்கே 288 புள்ளி பறந்து நேரே கடலுக்குள் விழுந்தது. வேகத்தை டெல்டாவால், அதாவது போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் போன நேரத்தால், பெருக்க வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

இப்போது மாட்டியிருப்பது எழுத்தில். கோடோ 4 தமிழைச் சரியாகக் கோக்கிறது, பழைய 3-இல் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆனால் அந்தச் சின்னத் திரைக்கு ஏற்ற எழுத்துருவை நானே புள்ளி புள்ளியாகச் செய்ய வேண்டும் என்று ஓர் ஆசை. ஆங்கிலத்துக்கு ஐந்துக்கு ஏழு புள்ளி போதும். நம்முடைய ‘ஞ’வை எட்டுக்குள் அடக்கிப் பாருங்கள், ‘இ’யும் அதே கதைதான், மேலே ‘கி’யில் வருகிற மாதிரி விசிறியும் வந்தால் தலை முட்டும். ‘உயிர்’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு இரவு போய்விட்டது. இப்போதைக்கு விளையாட்டில் எழுத்தே கிடையாது, உயிர் குறைந்தால் மான் இருமும்.