அல்சூரில் கிடைத்த பியாயா

கப்பல் வேலையை விட்டு பெங்களூரில் குடியேறிய பிறகும் என் நாக்கு விடாமல் கேட்டுக்கொண்டிருந்த பண்டம் பியாயா. பிலிப்பைன்ஸ் முழுக்க அதைத் தெரியும் என்றாலும், சொந்த மண் நெக்ரோஸ் தீவின் மேற்குப் பக்கம். பகோலோட், சிலாய் வட்டாரம். பிலிப்பைன்ஸின் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. 1980-களில் சர்க்கரை விலை சரிந்தபோது கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் பட்டினியால் செத்த தீவும் அதுதான். எங்கள் கப்பல் சமையற்காரர் அதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர். விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் அவர் பெட்டியில் பியாயா இருக்கும். நான் கப்பலில் செகண்ட் இன்ஜினியர்; அதிகாலை வாட்ச், அதாவது என் பணிமுறை, முடித்து எட்டு மணிக்கு மேலே வந்தால், "செகண்ட், சூடாகச் சாப்பிடுங்கள்" என்று தோசைக்கல்லில் ஒரு புரட்டுப் புரட்டித் தருவார்.

பார்வைக்கு எள் தூவிய சின்னப் போளி. உள்ளே பருப்பும் இல்லை, தேங்காயும் இல்லை. பாகு பிரிக்காத மஸ்கோவாடோ சர்க்கரை மட்டுமே. சூட்டில் அது உருகி ஓடிவிடாமல் இருக்கக் கொஞ்சம் மாவு சேர்த்திருப்பார்கள். கடித்தால் முதலில் எள், பிறகு பொரபொரவென்று உதிரும் மேல்தோல், கடைசியில் லேசான கசப்போடு பல்லில் ஒட்டும் அந்தக் கருஞ்சர்க்கரை. அந்தக் கசப்புக்காகத்தான் இத்தனை ஏக்கமும்.

கம்மனஹள்ளி, ஃபிரேசர் டவுன் பேக்கரிகளில் கேட்டுப் பார்த்தேன், பெயரே தெரியவில்லை. இணையத்தில் வரவழைத்ததில் ஊதா வள்ளிக்கிழங்குப் பூரணம் இருந்தது. அதற்கும் பிரியர்கள் உண்டு. ஆனால் மஸ்கோவாடோ இல்லாததைப் பியாயா என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

வழி காட்டியவர் என் மனைவி. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வரும் ஒரு பெண்ணோடு அவருக்குப் பழக்கம். கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். பிறந்த ஊர் நெக்ரோஸுக்கு எதிர்க்கரையில் உள்ள இலோய்லோ. இப்போது அல்சூரில் வீடு. நான் கேட்டதும், "கடையில் தேடாதீர்கள் அண்ணா, நல்ல சர்க்கரை கொண்டுவாருங்கள்" என்றார்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வாங்கிக்கொண்டு போனேன். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து முகர்ந்தவர், "இது வெளிறிப்போயிருக்கிறது, இன்னும் கறுப்பாக வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அலைந்து கறுத்த சர்க்கரையாகக் கொண்டுவந்த பிறகுதான் மாவில் கை வைத்தார். எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவில் பூரணத்தைப் பொதிந்து, எள்ளில் புரட்டி, பூரணம் பிதுங்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தேய்த்தார். கல்லில் எண்ணெய் விடவில்லை. ஒன்றின் ஓரம் கிழிந்து சர்க்கரை கசிந்து கருகியது. எனக்கு அதுதான் முதலில் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போடேன்" என்றார் அவருடைய மாமியார்.

"இது போளி இல்லை, அத்தை" என்று மருமகள் மறுத்துவிட்டார். சரியாகச் சொன்னார்.

மிஞ்சியதைப் படமெடுத்து பகோலோடில் இருக்கும் சமையற்காரருக்கு அனுப்பினேன். ஓரம் தடிமன், எள் போதாது என்று உடனே பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் சுடப்போகிறோம். எள் வாங்கி வைத்துவிட்டேன்.