இறுகிப் போன கை ஆக்ஸிலேட்டர்: கிராஞ்சி பண்ணை டிராக்டர் வேலைக் குறிப்புகள்

2025 ஜனவரி 15, புதன்

சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள காய்கறிப் பண்ணையின் சின்ன டிராக்டர். பழைய குபோட்டா, டி வரிசை மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். கை ஆக்ஸிலேட்டர் லிவர் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. 10ஆம் தேதி பிடித்த மழை விடும்வரை வண்டி கொட்டகையில் சும்மா நின்றது. ஆனால் மழைக்கு முன்பே லிவர் கனத்துத்தான் இருந்திருக்கிறது.

இன்று ஸ்பேனரைத் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ணவும் விடவில்லை. காரணத்தை விளக்கமாக எழுதி வைப்பது நல்லது.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டர் காற்றைத் திறந்து மூடும். இந்த டீசலில் காற்று வழியில் தடுப்பே கிடையாது. லிவரை உயர்த்தினால் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் இறுகும், ஸ்பிரிங் டீசல் பம்ப்பின் ரேக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல் தண்டை) இழுக்கும், ரேக் நகர்ந்த அளவுக்கு டீசல் போகும். எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் குமிழும் இதே ரேக்கைத்தான் சுழிக்குத் தள்ளுகிறது. ஆகவே பிடிப்பு ரேக்கில் இருந்தால் ஸ்டாப்பும் வேலை செய்யாது. சாவியைத் திருப்பினால் விளக்கு அணையும், எஞ்சின் நிற்காது. டீசல் குழாயை மூடினாலும் ஃபில்டரிலும் பைப்பிலும் மிச்சமிருக்கிற டீசலில் கொஞ்ச நேரம் ஓடும். வேகம் எகிறிய எஞ்சின் நொறுங்க அந்தக் கொஞ்ச நேரமே போதும்.

அப்போது காற்றை அடைத்துத்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும், அதனால் இந்த வேலைக்கு முதல் சாமான் ஒரு பலகை. காற்று வாயை விட அகலமாக, ஒரு பக்கம் டயர் ட்யூப் ரப்பர் ஒட்டியது. ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். உள்ளங்கையால் அடைக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது, உறிஞ்சும் விசை கையைக் கிழித்துவிடும்.

ஜனவரி 16, வியாழன்

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டை எடுத்தோம். லிவரிலிருந்து வரும் ராடு எஞ்சின் பக்கத்து கவர்னர் லிவரில் சேரும் இடத்தில் பூட்டு ஊசியான காட்டர் பின்னை உருவி, ராடைப் பிரித்தாயிற்று. நோய் எந்தப் பாதியில் என்று சொல்வது இந்த ஒரு பிரிப்புதான்.

பிரித்த பிறகு மூன்றையும் தனித்தனியாக ஆட்டிப் பார்க்க வேண்டும்: கை லிவர், கால் பெடல், எஞ்சின் பக்கத்து லிவர். கை லிவர் மட்டும் இறுக்கம் என்றால் மேல் பாதி வேலை, அரை நாளில் முடியும். எஞ்சின் பக்கத்து லிவர் இறுக்கம் என்றால் கவர்னர் தகட்டின் தண்டு. அது லேசாகத் திரும்பியும் வேகம் மாறவில்லை என்றால் ரேக்.

இங்கே இரண்டு பாதியிலும் கோளாறு. கை லிவரின் தண்டு புஷ்ஷோடு (தண்டைத் தாங்கும் குழலோடு) ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் பக்கத்து லிவர் திரும்புகிறது, ஆனால் விட்டால் சட்டென்று திரும்பி வராமல் ஊர்ந்து வருகிறது. ஸ்டாப் லிவரை இழுத்தால் உள்ளே மணல் அரைபடுகிற உணர்வு. இது ரேக் பற்றிய சந்தேகத்தைக் கூட்டுகிறது.

இந்தச் சோதனைக்கு முன்னால் ஸ்பிரே அடிக்கக் கூடாது என்பதில் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு. அடித்ததும் எல்லாம் கொஞ்சம் இளகும், எது பிடித்திருந்தது என்ற தடயம் போய்விடும். டபிள்யூடி-40 மெல்லிய எண்ணெய், சில வாரங்களில் காய்ந்துவிடும். மிச்சமிருக்கிற பிசுக்கில் சுண்ணாம்புத் தூளும் கோழி உரத் தூளும் அப்பி, அடுத்த முறை இன்னும் மோசமாக இறுகும்.

ஜனவரி 17, வெள்ளி

மேல் பாதி. டேஷ்போர்டுக்குக் கீழே லிவர் தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் விளிம்பில் காவி நிறத்தில் துரு வளையம், அதன் மேல் வெள்ளைப் பொருக்கு. துரு ஈரத்தால் வந்தது. வெள்ளை உரத்தின் உப்பு. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத மதியத்தில் 60 பக்கம் இறங்கும். உப்பு இந்த ஏற்ற இறக்கத்தில் தினமும் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். கொட்டகைக்குள் நிற்கிற வண்டியும் இதற்குத் தப்பாது.

ஏடிஎஃப் எண்ணெய் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு கலந்து நேற்று மாலையே விளிம்பில் சொட்டு சொட்டாக விட்டிருந்தோம். கலவை நிற்க நிற்கப் பிரியும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டையும் ரப்பரையும் தின்னும், நெருப்புக்குப் பக்கத்தில் ஆகவே ஆகாது. இது ஆறி உலர்ந்த பிறகே புஷ்ஷைச் சுற்றி ஹீட் கன் காட்டினோம். கேஸ் பர்னர் வேண்டாம், டீசல் பைப் ஒரு சாண் தூரத்தில் ஓடுகிறது.

இறுகிய தண்டை இழுக்கக் கூடாது, திருப்ப வேண்டும். ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே. அசைவு கிடைத்ததும் மறுபடி எண்ணெய். இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பிய பிறகு பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி வெளியே எடுத்தோம். சுத்தியலால் நேரே தட்டினால் தண்டின் முனை விரிந்து புஷ்ஷுக்குள் வராது, அப்புறம் இரண்டும் போச்சு. தண்டை 400 எண் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து 600இல் முடித்தோம். புஷ்ஷுக்குள் உப்புத்தாள் விடவில்லை. டீசலில் நனைத்த துணியும் பித்தளை பிரஷ்ஷும் போதும். அதைப் பெரிதாக்கிவிட்டால் லிவர் ஆடும்.

பூட்டும்போது பலர் கோட்டை விடுகிற இடம் லிவரின் உராய்வு வாஷர்கள். லிவரை வைத்த இடத்தில் நிறுத்துவது அவைதான். தண்டுக்கு லித்தியம் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம், வாஷர்களில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. பட்டால் கவர்னர் ஸ்பிரிங் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துவிடும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓடும்போது வேகம் தானாகக் குறையும். நட்டைத் திருகி அதைச் சரிசெய்யப் பார்த்தால் லிவர் மறுபடி கனக்கும். எண்ணெய் பட்ட வாஷரை பிரேக் கிளீனரால் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

கால் பெடல் தண்டில் சேறுதான். கழுவி கிரீஸ் வைத்தாயிற்று.

ஜனவரி 18, சனி

கவர்னர் தகடு. 10 மி.மீ. ஸ்பேனர் போல்ட்கள். நீளம் ஒன்றுபோல இருக்காது, அட்டையில் அதே வடிவத்தில் துளையிட்டுக் குத்தி வைத்தோம்.

தகட்டை முழுக்க இழுத்துவிடக் கூடாது. பின்னால் கவர்னர் ஸ்பிரிங்குகள் கொக்கி போட்டு நிற்கின்றன, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. விரலளவு விலக்கி, எந்தக் கொக்கி எந்தத் துளையில் என்று படம் எடுத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு நூலைக் கட்டிய பிறகே கழற்றினோம். ஸ்பிரிங் உள்ளே விழுந்தால் கியர் பக்கம் போய்விடும். காந்தத்தில் சிக்காவிட்டால் முன் மூடியையே கழற்ற வேண்டி வரும். ஒரு முழ நூல் அந்த வேலையை மிச்சம் பிடிக்கிறது.

தகட்டின் தண்டில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கல்லாகிவிட்டிருந்தது. புதிது வாங்கப் பழைய ரிங்கை அளக்காதீர்கள், அது ஊதியோ சுருங்கியோ இருக்கும். தண்டின் குறுக்களவையும் பள்ளத்தின் அகல ஆழத்தையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள். நைட்ரைல் ரப்பர் போதும். ஈபிடிஎம் ரகம் எண்ணெயில் ஊதும், கடையில் கேட்டு வாங்குங்கள். சீனப் புத்தாண்டு 29ஆம் தேதி. அதற்கு முந்திய வாரமே ஒர்க்‌ஷாப்களில் வேலை குவியும், பிறகு சில நாள் கதவடைப்பு. வாங்க வேண்டியதை இப்போதே வாங்கிவிட வேண்டும்.

ஸ்பிரிங் கொக்கிகள் தேயவில்லை. தளர்ந்த ஸ்பிரிங்கை வெட்டியோ வளைத்தோ இறுக்குவது இந்த எஞ்சினுக்குச் செய்கிற துரோகம். வேகக் கட்டுப்பாடு முழுக்க அந்த ஸ்பிரிங்கின் கணக்கில் நிற்கிறது.

தகடு திறந்திருக்கும்போதே ரேக்கை அசைத்துப் பார்த்தோம். பாதி வழியில் சிக்குகிறது. பம்ப் வெளியே வந்தாக வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

கழற்றும் முன் பம்ப்பைச் சுற்றிக் கழுவிக் காற்றடித்தோம். டீசலை மூடி, 17 மி.மீ. ஸ்பேனரால் இன்ஜெக்டர் பைப்களை எடுத்து, திறந்த ஒவ்வொரு வாயையும் மூடியால் அடைத்தோம். துணியால் அடைத்தால் நூல் உள்ளே போகும்.

ரேக்கிலிருந்து ஒரு பின் நீட்டிக்கொண்டு கவர்னரின் கவை லிவருக்குள் உட்கார்ந்திருக்கும். கியர் கேஸில் அதற்கென்று வெட்டிய வாய்க்கு நேரே பின்னைக் கொண்டுவந்துதான் பம்ப்பைத் தூக்க வேண்டும். அடியில் உள்ள ஷிம்கள் (மெல்லிய இடைத்தகடுகள்) ஒன்றுகூடக் குறையக் கூடாது. 0.05 மி.மீ. ஷிம் மாறினால் டீசல் பாயும் நேரம் சுமார் அரை டிகிரி மாறிவிடும். கம்பியில் கோத்து பம்ப்போடே கட்டி வைத்தாயிற்று.

நல்ல பம்ப்பில் சுண்டுவிரலால் தள்ளினால் ரேக் தடையில்லாமல் ஓடும். இதில் ஒரு பிளஞ்சர் (டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு) திரும்ப மறுக்கிறது. மூன்றும் ஒரே ரேக்கில் பல் கோத்திருப்பதால் ஒன்று நின்றால் மற்ற இரண்டும் நிற்கும். ரேக்கின் முனையில் தேன் நிறப் பிசின், அதற்குள் ஊசிமுனை அளவு துருப் புள்ளிகள். தண்ணீர் கலந்த டீசல் நாள்பட நின்றதன் அடையாளம் அது.

பிளஞ்சருக்கும் குழலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு மட்டும் பொருந்தும். அதனால் பிரிக்கவில்லை, உப்புத்தாள் கிட்டேயே வரவில்லை, ஸ்க்ரூடிரைவரால் நெம்பவும் இல்லை. சுத்தமான டீசலில் முழுக்க மூழ்க வைத்து, பிளஞ்சர்களைத் தள்ளும் டாப்பெட்களை ஒவ்வொன்றாக மரக்கட்டையின் மேல் அழுத்தி விட்டு, ரேக்கை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தோம். அழுக்கு கலங்கியதும் டீசலை மாற்றினோம். மாலைக்குள் சிக்கல் பாதி விட்டது. இரவு முழுக்க ஊறட்டும். காலையிலும் பிடித்தால் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற பம்ப் கடைக்குப் போக வேண்டியதுதான்.

கழுவிய டீசல் டிரம்மில். உரிமம் உள்ள கழிவு சேகரிப்பவர் வரும்வரை மூடி வைக்க வேண்டும். இந்தப் பக்கத்து வாய்க்கால்கள் கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகின்றன. அது நாம் குடிக்கிற தண்ணீர்.

ஜனவரி 21, செவ்வாய்

ரேக் விடுபட்டது. பம்ப்பைச் சாய்த்தால் தன் எடையிலேயே நகர்கிறது.

பூட்டுவதில் ஒரே ஒரு இடம் உயிர் போகிற இடம்: பின் கவை லிவருக்குள் உட்கார்ந்ததா? உட்காராவிட்டால் கவர்னரின் கைப்பிடியிலிருந்து ரேக் விலகிவிடும், ஸ்டார்ட் ஆன நொடியில் வேகம் எகிறும். தகட்டை மூடும் முன் திறப்பு வழியே விளக்கடித்துக் கண்ணால் பார்த்து, ஸ்டாப் லிவரை இழுக்கும்போது பின்னும் கூடவே நகர்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் ஸ்பிரிங்குகளைக் கோத்தோம். தகட்டின் 6 மி.மீ. போல்ட்கள் 10 நியூட்டன் மீட்டர், பைப் நட்டுகள் 25 முதல் 35 வரை.

ராடின் நீளம்: கை லிவர் அடித்தளத்தைத் தொடும் முன்பே எஞ்சின் பக்கத்து லிவர் தாழ்வேகத் திருகில் போய் நிற்க வேண்டும். அதற்கு மேல் கை லிவரில் ஒன்றிரண்டு மி.மீ. விளையாட்டு இருக்கட்டும். உச்ச வேகத் திருகைத் தொடவில்லை.

ஜனவரி 22, புதன்

டீசல் பைப்பில் புகுந்த காற்றை எடுப்பது: ஃபில்டர் மேல் திருகு, பிறகு பம்ப் திருகு, குமிழி நிற்கும்வரை. அடுத்து இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி 10 விநாடி ஸ்டார்ட்டர், 30 விநாடி ஓய்வு. டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். கசிவை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும். ஊசி குத்திய அளவு காயமானாலும் உடனே ஆஸ்பத்திரி, வலிக்கவில்லை என்று காத்திருப்பது விரலையே இழக்க வைக்கும்.

பலகையோடு ஒருவர், ஸ்டாப் குமிழில் ஒருவர். லிவர் கால்வாசியில் ஸ்டார்ட். ஸ்டாப்பை உடனே இழுத்து ஒரு முறை நிறுத்திப் பார்த்தோம். எஞ்சின் சரியாக நின்ற பிறகே மறுபடி ஓட்டம். தாழ்வேகம் நிமிடத்துக்கு 850 சுற்றில் நிற்கிறது. லிவர் நடுவில் வேகம் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி ஊசலாடியது. இதற்குப் பொதுவாக மூன்று காரணம்: பைப்பில் காற்று, ஸ்பிரிங் தவறான துளையில், ரேக்கில் மிச்சப் பிடிப்பு. இங்கே காற்றுதான், மறுபடி எடுத்ததும் அடங்கியது. ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கினால் வேகம் சற்றுத் தாழ்ந்து உடனே மீள்கிறது. கவர்னர் பிடிப்பில் இருக்கிறது.

ஜனவரி 25, சனி

டேங்க் அடியிலிருந்து டீசலைக் கண்ணாடிக் குவளையில் வடித்தோம். கீழே தெளிந்த தண்ணீர், நடுவில் கறுப்பு நூலாம்படை. அது தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் வளர்கிற நுண்ணுயிர். பாதி டேங்கோடு வண்டியை நிறுத்தினால் காலியிடத்துக் காற்றின் ஈரம் இரவில் சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். ஆகவே வேலை முடிந்த மாலையே டேங்கை நிரப்ப வேண்டும், காலையில் அல்ல.

மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் பம்ப் சுத்தமாகும் என்ற வழக்கத்தை இங்கே நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். 2013 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) மட்டுமே. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் வழவழப்பும் குறைகிறது, அதை ஈடுகட்ட மருந்து சேர்க்கிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்தக் கொஞ்ச வழவழப்பும் நீர்த்து பிளஞ்சர் தேயும்.

வண்டி நின்றாலும் வாரம் ஒரு முறை எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி, லிவரை அடியிலிருந்து உச்சிவரை நகர்த்தி, ஸ்டாப் குமிழால் நிறுத்த வேண்டும். குமிழ் இழுத்தும் எஞ்சின் தாமதித்து நின்றால் அன்றே ராடைப் பிரித்து, 16ஆம் தேதிச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.